பார்ஹாம்: மறைக்கப்பட்ட படச்சுருள்

1941 நவம்பர் 25 அன்று மாலை, எகிப்துக்கு வடக்கே மத்தியதரைக் கடலில், பிரிட்டனின் போர்க்கப்பலான பார்ஹாம் மீது மூன்று டார்பிடோக்கள் பாய்ந்தன. ஏவியது யு-331 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி. கப்பல் சாய்ந்தது, சுமார் நான்கு நிமிடங்களில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துச் சிதறியது. 860-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அருகில் சென்ற வேலியன்ட் கப்பலில் கோமான்ட் பிரிட்டிஷ் செய்திப்பட நிறுவனத்தின் ஒளிப்பதிவாளர் ஜான் டர்னர் இருந்தார். சரியும் கப்பலின் பக்கவாட்டில் மாலுமிகள் தொற்றி ஏறுவதும், அடுத்த நொடி கரும்புகை எழுவதும் அவருடைய கேமராவில் பதிவாயின. போர் முடியும்வரை அந்தச் சுருளை மக்கள் பார்க்கவில்லை.

தொடக்கத்தில் மறைத்ததற்கு வலுவான காரணம் இருந்தது. டார்பிடோ ஏவியதும் ஆழத்துக்குள் பதுங்கிய நீர்மூழ்கிக்குக் கப்பல் மூழ்கியது தெரியாது. மத்தியதரைக் கடலில் பிரிட்டனின் பலம் எவ்வளவு குறைந்துவிட்டது என்பதை எதிரி அறியாதிருந்த ஒவ்வொரு நாளும் மற்ற கப்பல்களுக்குக் காப்பு. ஆகவே 1942 ஜனவரி 27 வரை கடற்படைத் தலைமையகம் வாய் திறக்காததை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சுமை யார் தலையில் இறங்கியது? இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இரங்கல் கடிதம் அனுப்பி, நெருங்கிய உறவினரைத் தவிர வெளியில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கணவனை இழந்தவள் அக்கம்பக்கத்தில் வாய்விட்டு அழக்கூட முடியாத நிலை அது.

ஜனவரிக்குப் பிறகு எதிரியிடம் மறைக்க ஒன்றுமில்லை. அதன்பின்னும் சுருளைப் பூட்டிவைத்தது, சொந்த மக்களின் மனம் தளரும் என்ற அச்சத்தால்தான் என்று கருதுகிறேன். 1939 டிசம்பரில் மான்டிவிடியோ அருகே ஜெர்மானியரே தகர்த்த தங்கள் போர்க்கப்பலான கிராஃப் ஸ்பீ எரிவதைச் செய்திப்படங்கள் வெற்றிக் களிப்போடு காட்டின. எதிரியின் கப்பல் எரிந்தால் திரைக்கு வரும், நம் கப்பல் வெடித்தால் வராது என்றால், வாரந்தோறும் அரங்கில் அமர்ந்தவர் பார்த்தது போரின் ஒரு பாதியை மட்டும்தான். கிராஃப் ஸ்பீ எரிந்தபோது அதில் மாலுமிகள் இல்லை என்பதும் உண்மை. சாகும் மகனைத் தாய் திரையில் காணக்கூடாது என்ற வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அதற்குக் காட்சியை வெட்டிச் சுருக்கி, என்ன நடந்தது என்று பெயர் சொல்லிக் காட்டியிருக்கலாம். முற்றாக மறைத்திருக்க வேண்டியதில்லை.

படம் வெளிவந்தபின் நடந்தது இன்னும் மோசம். வெடிப்பு மிகத் துல்லியமாகப் பதிவாகியிருந்ததால், அது யார் வேண்டுமானாலும் எடுத்து ஒட்டிக்கொள்ளும் துண்டுக்காட்சியாகிவிட்டது. பறக்கும் தட்டுகள் பற்றிய 1956ஆம் ஆண்டு ஹாலிவுட் படமொன்றில், வேற்றுக்கோளினர் தகர்க்கும் அமெரிக்கக் கப்பலாக பார்ஹாமே வந்தது. ஆவணப்படங்களிலும் பெயரின்றி அது திரும்பத் திரும்ப வருகிறது. தணிக்கை அந்த மாலுமிகளின் சாவைச் சில ஆண்டுகள் மறைத்தது. இந்தப் பழக்கம் அவர்களின் அடையாளத்தையே அழிக்கிறது. இக்காட்சியைப் பயன்படுத்துவோர் கப்பலின் பெயரையும் நாளையும் இறந்தோர் எண்ணிக்கையையும் திரையிலேயே எழுதட்டும்.