இங்கிலாந்து ஊரடங்கும் குழந்தைகளின் எடையும்: சராசரி எதை மறைக்கிறது?

நம்ம ஊரில் குழந்தை கொழுகொழுவென்று இருந்தால் 'நல்லா சாப்பிடுது' என்போம். வறுமை என்றால் ஒட்டிய வயிறும் குச்சிக் கைகளும்தான் நினைவுக்கு வரும். அந்தப் படத்தோடு இங்கிலாந்தின் கொரோனா காலப் புள்ளிவிவரத்தைத் திறந்தால் குழப்பம்தான். நானும் முதலில் தப்பாகத்தான் படித்தேன்.

அங்கே அரசுப் பள்ளிகளில் ஆண்டுதோறும் குழந்தைகளின் உயரத்தையும் எடையையும் அளக்கிறார்கள். பள்ளியில் சேரும் ரிசப்ஷன் வகுப்பில் (4–5 வயது) ஒரு முறை, ஆறாம் வகுப்பில் (10–11 வயது) ஒரு முறை. 2019–20இல் ரிசப்ஷன் குழந்தைகளில் 9.9 சதவீதம் பேருக்கு உடல் பருமன் இருந்தது. 2020–21இல் அது 14.4. ஆறாம் வகுப்பில் 21.0 என்பது 25.5 ஆனது. இரண்டிலும் ஒரே மாதிரி 4.5 புள்ளி ஏற்றம். 'வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கிட்டுத் தின்னா வேற என்ன ஆகும்?' என்று நானும் நினைத்து, 4.5 என்று குறித்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

தப்பு அங்கேதான். அதே அறிக்கையில் பகுதிவாரியான அட்டவணையும் இருக்கிறது. வசதி மிகுந்த பத்தில் ஒரு பங்குப் பகுதிகளில் ரிசப்ஷன் குழந்தைகளின் பருமன் 6.0இலிருந்து 7.8 ஆனது. மிக வறிய பத்தில் ஒரு பங்கில் 13.3இலிருந்து 20.3. அதாவது ஒரு பக்கம் 1.8 புள்ளி, மறுபக்கம் 7 புள்ளி. ஆறாம் வகுப்பிலும் இதே கதை: வசதியானவர்களிடம் 11.9இலிருந்து 14.3, வறியவர்களிடம் 27.5இலிருந்து 33.8. 'பிள்ளைகள் எல்லாம் குண்டாகிவிட்டார்கள்' என்பதில் உள்ள அந்த 'எல்லாம்' என்ற சொல்தான் பொய்.

சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே? ஆமாம், ஆனால் வீடு ஒன்றல்ல. 2020 மார்ச்சில் உடற்பயிற்சிக்கு ஒரு நாளைக்கு ஒரு முறை வெளியே போகலாம் என்றார்கள். விளையாட்டுத் திடல்களை ஜூலைவரை பூட்டி வைத்தார்கள். சொந்தத் தோட்டம் இருந்த வீட்டுப் பிள்ளை ஓடியாடியது. பிரிட்டனில் எட்டில் ஒரு வீட்டுக்கும் லண்டனில் ஐந்தில் ஒரு வீட்டுக்கும் தோட்டமே கிடையாது. பள்ளியில் கிடைத்த சூடான மதிய உணவும் நின்றது. இலவச உணவு பெற்ற 13 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு வாரம் 15 பவுண்டு வவுச்சர் என்று ஏற்பாடு. கையில் இருக்கும் காசுக்கு வயிற்றை நிரப்ப வேண்டுமென்றால் பிரெட்டும் பிஸ்கட்டும் சிப்ஸும்தான் கட்டுப்படியாகும், காய்கறியும் பழமும் ஆகாது. பசியும் பருமனும் ஒரே வீட்டில் இருப்பது இப்படித்தான்.

விடுமுறையிலும் அந்த உதவி வேண்டும் என்று போராடியவர் கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்ட். சின்ன வயதில் அவரே அந்த இலவச உணவைச் சாப்பிட்டவர். கோடை விடுமுறைக்கு அரசு இறங்கி வந்தது. ஆனால் 2020 அக்டோபர் 21 அன்று, அடுத்த ஈஸ்டர்வரை விடுமுறைகளில் உணவு தரக் கோரிய தீர்மானத்தை நாடாளுமன்றம் 261க்கு 322 என்ற வாக்குகளில் தோற்கடித்தது. குழந்தைக்குச் சோறு போடுவது பெற்றோர் பொறுப்பு என்பது எதிர்த்தவர்கள் சொன்ன வாதங்களில் ஒன்று. மூன்று வாரத்துக்குள் அரசு மறுபடியும் இறங்கி வந்தது வேறு விஷயம்.

அந்த வாதத்தை எண்களோடு வைத்துப் பார்ப்போம். பள்ளிகள் திறந்த பிறகு, 2021–22இல், வறிய பகுதிகளின் ரிசப்ஷன் விகிதம் 20.3இலிருந்து 13.6க்கு இறங்கியது. பெற்றோர் பொறுப்புதான் காரணம் என்றால், ஏழைப் பெற்றோருக்கு மட்டும் அது ஒரே ஆண்டில் காணாமல் போய், மறு ஆண்டே திரும்பி வந்ததா? மாறியது பெற்றோர் அல்ல. மூடியதும் திறந்ததும் பள்ளியும் திடலும்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். 2020–21இல் வழக்கம்போல எல்லாக் குழந்தைகளையும் அளக்க முடியவில்லை. ஒரு பகுதியினரை அளந்து, அதற்கேற்பச் சரிசெய்து கணக்கிட்டார்கள். தவிர, இந்த எண்களை வைத்து உணவால் எவ்வளவு, ஓட்டம் நின்றதால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. ஆனால் இடைவெளி இவ்வளவு பெரிதாக, இரண்டு வயதினரிடமும் ஒரே திசையில் விரிந்ததை இவை இல்லாமலாக்கிவிடாது.

'சரி, பழைய நிலைக்குத்தான் வந்துட்டாங்களே' என்று கேட்கலாம். வரவில்லை. வறிய பகுதிகளின் ஆறாம் வகுப்பு 2021–22இல் 31.3இல் நின்றது, முன்பு 27.5. அதோடு, ஒவ்வோர் ஆண்டும் அளக்கப்படுவது வேறு வேறு குழந்தைகள். 13.6 என்பது புதிதாகப் பள்ளிக்கு வந்தவர்களின் கணக்கு. முந்தைய ஆண்டு எடை ஏறிய குழந்தை என்ன ஆனது என்பதற்கு அந்த எண்ணில் பதில் இல்லை.

என் குறிப்பேட்டில் 4.5ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் 1.8, 7.0 என்று எழுதி வைத்திருக்கிறேன்.