தீவகத்தில் வெக்டர் வரைகலை பழக எந்த மென்பொருள்?

நெடுந்தீவிலோ நயினாதீவிலோ இருந்துகொண்டு கணினியில் வரையத் தொடங்கும் பிள்ளைக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஊர் வேலைதான். கோயில் திருவிழா நோட்டீஸ், விளையாட்டுக் கழகத்தின் சின்னம், 31ஆம் நாள் நினைவு மலருக்கு ஓர் அட்டை. இவையெல்லாம் அச்சேறுவது யாழ்ப்பாணத்தில். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குக் கடலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், பிறகு பஸ். கோப்பை மின்னஞ்சலில் அனுப்பிவிடலாம். அச்சான தாளைக் கண்ணால் பார்த்துத் திருத்தி வர ஒரு நாள் போய்விடும். ஆகவே எந்த மென்பொருளை எடைபோட்டாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: தீவில் வரைந்தது அச்சகத்தின் திரையில் அப்படியே திறக்குமா? அடுத்தது, அதைப் பழகுகிறவருக்குக் கோடு போடும் அறிவு வளருமா என்பது.

அடோபி இலஸ்ட்ரேட்டரின் தரத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1987இல் வெளிவந்த நாள்முதல் இத்துறையின் அளவுகோல் அதுதான். கொழும்பு விளம்பர நிறுவனங்களில் வேலைக்குப் போனால் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் 2013க்குப் பிறகு அடோபி சந்தாவுக்கு மாறிவிட்டது. இன்று மாதம் சுமார் 23 டொலர். 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 வரை போனதைப் பார்த்த நாட்டில், வருமானம் தொடங்காத ஒருவர் டொலரில் மாதக் கட்டணத்துக்குக் கையொப்பமிடுவது புத்தியல்ல. அதோடு குறைந்தது 8 ஜிபி நினைவகம் வேண்டும். உரிமத்தைச் சரிபார்க்க அவ்வப்போது இணையம் வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை தேசிய மின்வலையில் சேராமல் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்த தீவுகள். அவற்றுக்கான கலப்பு மின் திட்டத்துக்கு இந்தியாவுடன் உடன்படிக்கை ஆனதே 2022 மார்ச்சில்தான். இப்படிப்பட்ட இடத்தில் பற்றரி நிற்கும் பழைய மடிக்கணினி ஒன்றில் ஓடுவதே நல்ல மென்பொருள்.

‘கிராக்’ பண்ணிய பிரதி இருக்கிறதே என்பார்கள். வேண்டாம். திருட்டு என்பது முதற் காரணம், வைரஸ் அடுத்தது. மூன்றாவது காரணத்தை யாரும் பேசுவதில்லை: ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருந்து வேலை தரும் ஊரவரிடம் துணிந்து பில் எழுதிக் கொடுக்க, கையில் உள்ள கருவி நேர்மையானதாக இருக்க வேண்டும்.

கோரல் ட்ரோ வேறு கதை. 1989இல் கனடாவின் ஒட்டாவாவிலிருந்து வந்த இந்த மென்பொருள்தான் நம் அச்சகங்களின் அன்றாடக் கருவி. பனர் அடிப்பவர், ஸ்டிக்கர் வெட்டுபவர் எல்லாரும் அதில்தான் இருக்கிறார்கள். அதில் பழகினால் அச்சக்காரரோடு ஒரே மொழியில் பேசலாம் என்ற வாதம் வலுவானது. என் தயக்கம் அதன் விலையோடு நிற்பதில்லை. நம் ஊரில் கோரல் ட்ரோ பழகுவதென்றால் கூடவே பாமினி எழுத்துருவையும் பழகுவதாகிவிடுகிறது. பழைய கோரல் பதிப்புகள் யூனிகோட் தமிழைச் சரியாகக் காட்டாதபடியால், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த பாமினி அச்சகங்களில் வேரூன்றியது. பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் இறந்தவரின் பெயர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். நினைவு மலரின் வாசகத்தைத் தேட முடியாது, பிரதி எடுத்து வேறிடத்தில் ஒட்டவும் முடியாது. 2005 முதல் ‘நூலகம்’ இணையத்தளம் எங்கள் அச்சுப் பிரதிகளைத் தேடித் தேடி மின்னாக்கி வரும் காலத்தில், இன்றே கணினியில் பிறக்கும் எழுத்தை நாளை எவரும் வாசிக்க முடியாத வடிவில் விடுவது பெரிய இழப்பு. புதிய பதிப்புகளில் யூனிகோட் சரியாகிவிட்டது, பழக்கம்தான் மாறவில்லை.

இனி இங்க்ஸ்கேப். 2003இல் சொடிபொடி என்ற நிரலிலிருந்து பிரிந்து, தன்னார்வலர் கைகளில் வளர்ந்து, 2020 மே மாதத்தில்தான் 1.0 என்ற எண்ணைத் தொட்டது. இலவசம், திறந்த மூலம். ஒருமுறை இறக்கிக்கொண்டால் கணக்குத் திறக்கத் தேவையில்லை. உதவிப் பட்டியலில் உள்ள பாடங்கள் வரைபலகையிலேயே திறக்கும்; பாடத்தில் உள்ள படத்தையே பிடித்து இழுத்து, வளைத்துப் பழகலாம். அவை ஆங்கிலத்தில் இருப்பது குறைதான், ஆனாலும் கைதான் அதிகம் வேலை செய்கிறது. யூனிகோட் தமிழைக் குலைக்காமல் காட்டும். பலூ தம்பி, முக்த மலர் போன்ற இலவச எழுத்துருக்களைப் போட்டால் கொம்பும் காலும் உரிய இடத்தில் நிற்கும். கோப்பு எஸ்விஜி வடிவில் சேமிக்கப்படுகிறது. 2001இலேயே இணையத் தரமான அதை நோட்பாட்டில் திறந்தால்கூட எந்தக் கோடு எங்கே தொடங்குகிறது என்று பார்க்கலாம்.

கோடு போடும் அறிவு எங்கே வளர்கிறது என்பதை ‘ழ’ என்ற ஒரே எழுத்தில் காட்டலாம். கையால் எழுதிய ழகரத்தைப் படமெடுத்து ‘ட்ரேஸ் பிட்மப்’ கொடுத்தால் பொட்ரேஸ் என்ற நிரல் நொடியில் உருவத்தைத் தந்துவிடும். பெரிதாக்கிப் பார்த்தால் விளிம்பு முழுக்கப் புள்ளிகள். தாளின் சொரசொரப்பும் பேனையின் கசிவும் கோடாகியிருக்கும். அதையே பேனாக் கருவியால் வரையும்போது, வளைவு தன் உச்சத்தையும் அடியையும் இட வல எல்லைகளையும் தொடும் இடங்களில் மட்டும் புள்ளி வைத்து, கைப்பிடிகளைக் கிடையாகவோ செங்குத்தாகவோ இழுக்க வேண்டும். நாலைந்து நாள் கை ஒத்துழைக்காது. பிறகு ஒரு கட்டத்தில், புள்ளி குறையக் குறைய வளைவு அழகாவதைக் கண் கண்டுகொள்ளும். 1960களில் ரெனோ கார்களின் உடலை வளைக்க பியர் பெசியே பயன்படுத்திய அதே கணிதம் இது. இலஸ்ட்ரேட்டரிலும் கோரலிலும் இதே வளைவுதான் என்பதால் இந்தத் திறமை மென்பொருளோடு போய்விடாது.

குறையை மறைத்தால் இது திறனாய்வு ஆகாது. இங்க்ஸ்கேப்பின் பெரிய பலவீனம் நிறம். திரைக்கான சிவப்பு, பச்சை, நீலத்தில் அது யோசிக்கிறது. அச்சுக்கான நான்கு நிறப் பிரிப்பு உள்ளே முழுமையாக அமையவில்லை. நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழா நோட்டீஸில் கடலைப் பளிச்சென்ற நீலத்தில் போட்டால் அச்சில் மங்கிப்போகும். படத்தை ஸ்கிரைபஸ் என்ற இன்னொரு இலவச மென்பொருளுக்குக் கொண்டுபோய் அச்சு நிறப் பிடிஎஃப் எடுக்கலாம், ஆனால் அது தொடக்கக்காரருக்குக் கூடுதல் சுமை. ஒளிரும் நிறங்களைத் தவிர்த்து, முதல் வேலைக்கு ஒரு மாதிரித் தாள் அடித்துப் பார்ப்பதே நடைமுறைக்கு ஏற்றது. நிழலும் மங்கலும் நிறையச் சேர்த்தால் மென்பொருள் தள்ளாடும் என்பதும் உண்மை.

2025 அக்டோபரில் இலவசமான அஃபினிட்டி என்ற வரைகலை மென்பொருளில் அச்சு நிறம் உண்டு. ஆயினும் இரண்டாம் பதிப்புவரை தமிழ் எழுத்தைக் கோக்க அதற்குத் தெரியாது. எங்கள் வேலைக்கு இது சிறிய குறையல்ல. கன்வா அவசரத்துக்கு உதவும், வரையக் கற்றுத்தராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓவியர் தா. சனாதனனின் ‘த இன்கம்ப்ளீட் தோம்பு’ (2011) நூலில், இடம்பெயர்ந்தவர்கள் நினைவிலிருந்து கையால் போட்ட வீட்டுப் படங்களும் அவற்றைக் கட்டடக்கலைஞர் துப்புரவாகத் திருப்பி வரைந்தவையும் அருகருகே இருக்கின்றன. துல்லியமான கோட்டில் அளவு தெளிகிறது, வரைந்தவரின் கைநடுக்கம் காணாமல் போகிறது. வெக்டர் பழகுகிறவர் அந்தப் பக்கங்களைப் பார்க்க வேண்டும். நெடுந்தீவின் பவளக்கல் வேலியை ஒரே அளவுச் சதுரங்களாக அடுக்குவது மென்பொருளுக்கு எளிது. அந்த வேலியில் ஒரு கல்லைப்போல் மறுகல் இல்லை. முதலில் பென்சிலால் வரைந்து, எந்தக் கோணலை விட்டுவைப்பது என்று முடிவெடுத்த பின்பே கணினிக்குப் போக வேண்டும்.

என் தீர்ப்பு: தீவகத்தில் தொடங்குகிறவர் இங்க்ஸ்கேப்பில் தொடங்கட்டும், யூனிகோடில் எழுதட்டும். எழுத்தைப் பாதையாக மாற்றிய பிடிஎஃப் ஒன்றை அச்சகத்துக்கு அனுப்பி, மாற்றாத மூலத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும். கொழும்பில் வேலை கிடைக்கும்போது இலஸ்ட்ரேட்டரைக் குறுகிய காலத்தில் பிடித்துக்கொள்ளலாம். கோரல் ட்ரோவை அச்சகத்தில் அமர்ந்து வேலை செய்யப் போகிறவர் மட்டும் முதலில் எடுத்தால் போதும். புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். சனசமூக நிலையங்களுக்குக் கணினி அனுப்பும்போது இங்க்ஸ்கேப்பையும் தமிழ் யூனிகோட் எழுத்துருக்களையும் நிறுவி அனுப்புங்கள். அந்த உதவிப் பாடங்களைத் தமிழாக்கிக் கொடுக்க உங்களில் ஒருவர் முன்வாருங்கள்.