நம்பி வந்தவள்

'நம்பு' என்ற சொல்லுக்குத் தொல்காப்பிய உரியியல் தரும் பொருள் நசை, அதாவது விருப்பம். இன்று அந்தப் பொருள் நம் காதில் விழுவதேயில்லை.

எங்கள் அரியலூர்ப் பக்கம் ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்வார்கள்: "பாவம், அவனை நம்பி வந்தவ." இரக்கத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அவள் அவனை விரும்பினாள் என்பது அந்த இரக்கத்தில் காணாமல் போய்விடுகிறது. 'அவளை நம்பி வந்தவன்' என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சமய நம்பிக்கைக்கு இங்கே இன்னொரு சொல்லும் உண்டு. சதுரகராதி (1732) தொகுத்த வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அவருடைய கத்தோலிக்க மரபில் நெடுங்காலம் வழங்கிய சொல் விசுவாசம், வடசொல். கோயிலுக்கு வெளியே அதை வேலையாளுக்கும் நாய்க்கும் சொல்கிறோம். மனைவியிடம் கணவன் வீட்டார் 'நம்பிக்கை' என்று கேட்பதும் பெரும்பாலும் இதைத்தான்.

அங்குள்ள அடைக்கல மாதாவிடம் நேர்ந்துகொள்ளும் பெண்ணை மூடநம்பிக்கைக்காரி என்பது, படித்த நமக்கு, மிகச் சுலபம். தொல்காப்பியப் பொருளில் அவள் நம்புகிறவள். தனக்கு என்ன வேண்டும் என்று அவளால் வாய்விட்டுச் சொல்ல முடிகிற இடம் அது: ஒரு பிள்ளை, குடியை விட்ட கணவன், சில சமயம் அவனிடமிருந்து விடுதலை.