முக்கூடற்பள்ளில் நகையும் நடைமுறையும்

பிற்காலச் சிற்றிலக்கியங்களுள் உழவர் வாழ்க்கையையே பொருளாகக் கொண்டு எழுந்தது பள்ளு. அதனை ஆராயப் புகுவார் பெரும்பாலும் இரு வழிகளுள் ஒன்றைப் பற்றிச் செல்லக் காண்கிறோம். ஒரு சாரார் அதனை வேளாண்மைச் செய்திகளின் களஞ்சியமாகக் கொண்டு நெல்வகை, மாட்டு வகை, மீன்வகை ஆகியவற்றைத் தொகுத்துத் தருவர். மற்றொரு சாரார் சக்களத்தியர் பூசலையும் பண்ணைக்காரனின் கோலத்தையும் நகைச்சுவைக்கு எடுத்துக்காட்டி அமைவர். முன்னவர்க்கு நகை, செய்தியைச் சூழ்ந்த உமி. பின்னவர்க்குச் செய்தி, நகைக்கு இடையே வரும் சுமை. இவ்விரண்டும் ஒன்றையொன்று பிரிந்து நில்லா என்பதும், பிரித்துக் காண்பதால் நூலின் உயிர்நிலை ஒன்று மறைகிறது என்பதும் நம் கருத்து. அதனை முக்கூடற்பள்ளைக் கொண்டு ஈண்டு நிறுவ முயல்வோம்.

திருநெல்வேலிச் சீமையில் பொருநை, சிற்றாறு, கயத்தாறு என்னும் மூன்றும் கூடுமிடம் முக்கூடல்; இன்றைய சீவலப்பேரிப் பகுதி அது. அங்குக் கோயில் கொண்ட அழகரைப் பாட்டுடைத் தலைவராக்கி இந்நூல் பாடப்பெற்றது. ஆசிரியர் பெயர் ஐயத்திற்கு இடமானது. கதை மிகச் சிறியது. பள்ளன் ஒருவனுக்கு மனைவியர் இருவர். மூத்தவள் முக்கூடலாள், இளையவள் மருதூராள். பள்ளன் இளையாள் இல்லத்திலேயே தங்கிப் பண்ணை வேலையை மறக்கிறான். மூத்தவள் பண்ணைக்காரனிடம் முறையிடுகிறாள். பள்ளன் தொழுவில் மாட்டப்பட்டுப் பின் விடுவிக்கப்படுகிறான். உழவு, விதைப்பு, நடவு, அறுவடை என ஆண்டு முழுதும் நடந்து, சக்களத்தியர் ஏசலிலும் இணக்கத்திலும் நூல் முடிகிறது.

இக்கதையில் கிடை பற்றிய பகுதியை முதலில் நோக்குவோம். பண்ணைக்கு உரம் வேண்டிக் கிடை அமர்த்த ஆயர் வருவிக்கப்படுகின்றனர். பின்னர்ப் பள்ளன் வேலைக்கு வாராத நாள்களுக்கு விடையாகக் கிடையில் இருந்தவன்போல வந்து நிற்கிறான். பள்ளு நூலுக்குரிய உறுப்புக்களை வகுத்தோரும் இந்நிகழ்ச்சியை ஓர் உறுப்பாகவே எண்ணினர். இஃது ஏன் நகை விளைக்கிறது? கிடை என்பது ஆட்டு மந்தையை இரவில் தரிசு வயலில் அடைத்து, அதன் புழுக்கையும் சிறுநீரும் நிலத்திற்கு உரமாகுமாறு செய்வது. நாள்தோறும் கிடை இடம் மாற வேண்டும். இரவெல்லாம் ஆள் காவல் இருக்க வேண்டும். எனவே இரவில் வீட்டில் இல்லாமைக்கு உழவன் கூறத்தக்க காரணங்களுள் இதனினும் பொருத்தமானது பிறிதில்லை. பொய் முழுவதும் தொழிலின் உண்மையாலேயே கட்டப்பட்டுள்ளது. கிடையின் இயல்பை அறியாதான் இவ்விடத்தில் ஒரு சோம்பேறியைக் காண்பான். அறிந்தவனோ தன் ஊரில் பன்முறை கேட்ட ஒரு சாக்கினைக் காண்பான். நகைக்கும் செய்திக்கும் வேறு வேறு வாயில்கள் இல்லை என்பது இதனால் விளங்கும்.

மாடுகளின் பெயர்களும் இத்தன்மையவே. செம்மறையன், கருமறையன், மயிலை என்பன நிறம் பற்றியவை. குடைச்செவியன், அணிற்காலன், மஞ்சள்வாலன், கழற்சிக்கண்ணன் என்பன உறுப்புப் பற்றியவை. இவற்றிடையே படப்புப் பிடுங்கி என்றொரு காளையும் வருகிறது. படப்பு என்பது தென்பாண்டி நாட்டில் வைக்கோற் போருக்கு இன்றும் வழங்கும் சொல். போரில் வாயை வைத்து இழுக்கும் கெட்ட பழக்கமே அக்காளைக்குப் பெயராயிற்று. உடைமைப் பட்டியலில் ஒரு குற்றப்பத்திரமும் அடங்கியிருத்தலைக் காண்க. இவற்றை வெறும் வேடிக்கைப் பெயர் என்று கொள்ளல் ஆகாது. பண்ணையில் பல மாடுகள் இருக்கும்போது, எதனை எங்குக் கட்டலாம், எதனைப் படப்பின் பக்கம் விடலாகாது என்பது ஏவலாள் ஒவ்வொருவனும் அறிய வேண்டிய செய்தி. அச்செய்தியை மறவாது நிலைபெறச் செய்வது நகை. எழுத்து வழங்காத களத்தில் நகையே பதிவேடு.

நெல்லின் பெயர்களுக்கு வருவோம். சீரகச்சம்பா மணியின் சிறுமையையும், கருங்குறுவை நிறத்தையும் குறுகிய காலத்தையும் காட்டுவன. வாலான், நெடுமூக்கன் என்பன மணியின் நுனியிலுள்ள கூரினை நோக்கி எழுந்தன எனக் கொள்ளலாம். 1966-இல் வெளிவந்த ஐ.ஆர்.8 முதலிய புது வகைகள் எண்ணால் பெயர் பெற்றன. எண் ஆய்வுக்கூடத்து வரிசையை உணர்த்தும். பழம்பெயரோ வயலில் நின்று பார்த்தவன் கண்ணை உணர்த்தும். இப்பட்டியலில் சிறைமீட்டான், இரங்கல்மீட்டான் என்னும் இரு பெயர்கள் நம் கருத்தை ஈர்க்கின்றன. தொழுவில் கிடந்து புலம்பி, மூத்தவளின் வேண்டுகோளால் விடுபட்ட பள்ளன் பண்ணைக் கணக்குக் கூறும் வாயிலாக இப்பெயர்கள் வருகின்றன. சிறையினின்று மீண்டவன் வாயில் சிறைமீட்டான்! பெயர் உழவர் வழக்கினதே ஆதல் வேண்டும். அதனை இவ்விடத்தில் நிறுத்தியதில் புலவர்க்குக் குறிப்புண்டோ இல்லையோ, கேட்போர்க்கு அக்குறிப்புத் தோன்றாமல் இராது.

ஈண்டு ஒரு தடை எழலாம். பட்டியலிடுதல் பள்ளு நூல்கள் எல்லாவற்றிற்கும் பொதுவான மரபாதலின், அதில் இத்துணைப் பொருள் காண்பது மிகையன்றோ எனின், அன்று. பட்டியல் மரபாக இருத்தல் உண்மையே. ஆயினும் மரபு இடத்தை வகுக்குமேயன்றி அவ்விடத்தை நிரப்பும் பொருளைத் தாராது. பொருள் களத்தினின்றே வருதல் வேண்டும்.

இனி, நகையின் வகையை ஆராய்தல் இன்றியமையாதது. நகை எனும் மெய்ப்பாட்டிற்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன் நான்கனுள் பேதைமையும் மடனும் அடங்கும். பள்ளனின் நகை அவற்றின்பாற் பட்டதெனக் கொள்வோர் உளர். நாம் உடன்படோம். கிடையைச் சாக்காக்குபவன் பேதையல்லன். விதையும் மாடும் தடையின்றி எண்ணிக் கூறுபவன் மடவனல்லன். இந்நூலின் நகை எள்ளலின்பாற் பட்டது. அவ்வெள்ளலும் இருவழிப் பட்டது. பண்ணைக்காரன் நகைக்குரிய உருவத்தோடு அறிமுகமாகிறான். உழைப்போர் கண்ணுக்கு அதிகாரம் அவ்வாறு தோன்றிற்று. மறுபுறம், உழைப்பவனைத் தொழுவில் மாட்டித் துன்புறுத்தலும் வேடிக்கையாகப் பாடப்பெறுகிறது. கால் மரத்திடைப்பட்டவன் புலம்புதல் யாருக்கு நகை? கோயிலிலும் வளமனையிலும் இருந்து கேட்டோர்க்கு அது நகையாயிருக்கலாம். பள்ளர், குடும்பர் முதலியோர் 2021-இல் சட்டத் திருத்தத்தின் வழித் தேவேந்திரகுல வேளாளர் என்னும் பொதுப்பெயர் பெற்றனர். அம்மரபினர் தாமே ஆய்வாளராய் இந்நூலைப் பயிலும் இக்காலத்தில், அப்பகுதியை நகைச்சுவை என்ற தலைப்பின்கீழ் அமைதியாக அடக்குதல் ஆய்வு நேர்மையாகாது. நூல் இரு சிரிப்புகளைக் கொண்டுள்ளது: ஒன்று வயலில் பிறந்தது, மற்றொன்று வயலைப் பார்த்துப் பிறந்தது. இவற்றை வேறு பிரித்து உணர்த்துவதே திறனாய்வின் கடமை.

வயலில் பிறந்த சிரிப்பின் தன்மையை இரு நிகழ்ச்சிகள் காட்டும். உழும்போது காளை வெருண்டு பள்ளனைப் பாய்கிறது. அதுவரை ஒருத்தியை ஒருத்தி தூற்றிய மனைவியர் இருவரும் சேர்ந்து புலம்புகின்றனர். பள்ளன் தேறி எழுந்ததும் விதைக்கவே செல்கிறான். பருவம் காயம் ஆறும்வரை காத்திராது. நெல் அளந்த பின்னர் மூத்தவளின் முறையீடு மீண்டும் எழுகிறது. ஏசல் வளர்ந்து சைவ வைணவக் கடவுளர் வரை சென்று, இறுதியில் இணக்கமாகிறது. சமயப் பூசல் இங்கே நாற்றங்கால் அளவிற்குச் சுருங்கி நகையாகிவிடுகிறது. ஒரே வயலில் குனிந்து நாற்று நடும் இருவர் நெடுநாள் பகைத்திருத்தல் இயலாது என்பது உழவின் நடைமுறை. அதுவே நூலின் முடிவும் ஆயிற்று.

ஆகவே முக்கூடற்பள்ளின் நகையை நீக்கி வேளாண்மைச் செய்தியைத் தொகுப்போர், அச்செய்தியை அறிந்து காத்த மனிதனை நீக்கிவிடுகின்றனர். செய்தியை நீக்கி நகையை மட்டும் சுவைப்போர் அம்மனிதனைக் கோமாளியாக்கிவிடுகின்றனர். படப்புப் பிடுங்கி என்று பெயரிட்டவன் மாட்டையும் அறிந்தவன், சிரிக்கவும் அறிந்தவன். பிற பள்ளு நூல்களை ஆராயப் புகும் மாணவர், பட்டியல்களை எண்ணுவதோடு அமையாது, ஒவ்வொரு பெயரிலும் யார் யாரை நோக்கிச் சிரிக்கின்றனர் என்று வினவிச் செல்வாராயின் பயன் மிகுதியும் உண்டு என்பது நம் துணிபு.