வாசகர் உரிமையும் துப்பறியுங் கதையும்

சேர் ஆதர் கொனன் டொயில் தாம் படைத்த துப்பறிவோனாகிய ஷேர்லொக் ஹோம்ஸை, 1893 ஆம் ஆண்டு இலண்டன் 'ஸ்ட்ராண்ட்' சஞ்சிகையில் வெளிவந்த கதையொன்றில் மாளச் செய்தார். வரலாற்று நாவல்களே தமது சிறந்த பணியென்பது அவர் கருத்து. வாசகரோ தம் உடைமை பறிபோயிற்றெனச் சினந்தனர். சந்தாவை நிறுத்தினோரும் உளர். 1903 இல் ஹோம்ஸ் மீண்டான். 1927 வரை மேலும் 32 சிறுகதைகள் தோன்றின.

அவற்றைச் சுவைப்போர் அச்சினத்தை முற்றாகப் பழித்தல் அரிது. எனினும், விலைகொடுத்தோன் சஞ்சிகைக்கே உரியவன். ஆசிரியனது கற்பனைக்கு உரியவனல்லன். 'மீண்டும் எழுதுக' என வேண்டுதல் அன்பின்பாற்படும். 'யாம் விரும்பியவாறே முடிக்க' எனப் பணித்தல் அன்பாகாது. துப்பறியுங் கதையின் இன்பம், முடிவு தன் கையில் இல்லாமையாற் பிறப்பது. அம்முடிவுக்கும் உரிமை கோரும் வாசகன் தான் நாடிவந்த இன்பத்தையே இழக்கின்றான்.