குரங்கும் ஆமையும்: கலீலா-திம்னாவும் மரச்செதுக்குச் சித்திரங்களும்

திருக்குற்றாலக் குறவஞ்சியில் மலைவளத்தைக் கூறவந்த திரிகூடராசப்பக் கவிராயர் குரங்குகளிலிருந்தே தொடங்குகிறார். தென்காசி, குற்றாலப் பகுதி மக்களுக்குக் குரங்கு அன்றாடம் காணும் உயிர். பஞ்சதந்திரக் குரங்கு அரபு மொழி வழியாக ஜெர்மானிய மரச்செதுக்கில் இடம்பெற்ற வரலாற்றை ஆராய, இம்மண்ணின் வாசகருக்குத் தனித் தகுதி உண்டு எனலாம்.

பாரசீக மன்னர் அனுஷிர்வான் (531-579) காலத்தில் பஹ்லவி மொழிக்குச் சென்ற இக்கதைகளை, எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ 'கலீலா வ திம்னா' என அரபியில் தந்தார். கரடகன், தமனகன் என்னும் நரிகளின் பெயர்களே அவ்வாறு திரிந்தன. அரபியிலிருந்து ஹீப்ருவுக்கும், அதிலிருந்து லத்தீனுக்கும் சென்ற நூல், 1483இல் உல்ம் நகரில் மரச்செதுக்குப் படங்களுடன் ஜெர்மன் மொழியில் அச்சேறியது. தமிழில் தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரம் 1826இல் வெளிவந்தது. அது மராத்தி வழி வந்தது.

இப்னுல் முகஃப்பஃ தம் முன்னுரையில் நூலின் நோக்கங்கள் நான்கு என்கிறார். விலங்குகளைப் பேசவைத்து இளைஞரை ஈர்த்தல் ஒன்று. பல வண்ணங்களில் விலங்குருவங்களைக் காட்டி மன்னர் உள்ளத்தை மகிழ்வித்தல் இரண்டு. அதனால் படிகள் பெருகி நூல் அழியாதிருத்தல், ஓவியரும் எழுத்தரும் பயன்பெறுதல் மூன்று. நான்காவது, அறிஞர்க்கே உரிய உட்பொருள். முஸ்லிம் உலகு சித்திரத்தை முற்றிலும் விலக்கியது என்போர், இம்முன்னுரையை நோக்கவேண்டும்.

இந்நான்கையும் அளவுகோலாகக் கொண்டால் மரச்செதுக்கின் நிறைகுறைகள் புலப்படும். மூன்றாம் நோக்கத்தை அச்சு நிறைவேற்றியது. ஒரே பலகையிலிருந்து பல படிகள் எடுக்க முடிந்தது. இரண்டாம் நோக்கம் குன்றியது. அச்சு தந்தது கருங்கோடு மட்டுமே. வண்ணம் வேண்டின் பின்னர்க் கையால் தீட்டவேண்டும். மேலும், குரங்கு இயல்பாக வாழாத நாட்டின் கலைஞர்க்கு, குற்றாலத்துச் சிறுவனும் அறிந்த அதன் துறுதுறுப்பைக் கோட்டில் பிடிப்பது எளிதன்று.

நான்காம் நோக்கமே உண்மையான சோதனை. தமிழர் அறிந்த கதையில் குரங்கின் இதயத்தை நாடுவது முதலை. அரபியில் அது ஆமை. இம்மாற்றம் சிறிதன்று. முதலையின் பற்களைக் கண்டதும் துரோகத்தை நாம் எதிர்பார்க்கிறோம். ஆமையிடம் அவ்வாறு எதிர்பார்ப்பதில்லை. குரங்கைச் சுமந்து நீந்தும் ஆமையைச் சித்திரத்தில் மட்டும் காண்பவர் நட்பையே காண்பார்; சூழ்ச்சியை அறிய எழுத்தைப் படித்தாகவேண்டும். அரபு நூலில் இவ்வத்தியாயம், தேடியதைப் பெற்றபின் காக்கத் தெரியாது இழப்பவனுக்கு உவமை. கைக்கெட்டிய இரையை இழந்ததைவிட, நம்பிய நண்பனை இழந்ததே ஆமையின் பெருநட்டம் என்று நமக்குத் தோன்றுகிறது. படமும் எழுத்தும் முரண்படும் அவ்விடத்தில்தான் அறிவு பிறக்கிறது.

உடைக்காத கொட்டையால் பயனில்லை என்பது இப்னுல் முகஃப்பஃ கூறும் உவமை. இக்கதைகளைச் சிறார்க்குரிய வண்ணப்படங்களாக மட்டும் அச்சிட்டு, இறுதியில் ஒருவரி நீதியைச் சேர்ப்பது ஓட்டுக்குச் சாயம் பூசுவதே ஆகும். பருப்பு உள்ளேயே கிடக்கிறது. அரபியர் நமக்குப் பாதுகாத்துத் தந்த வாசிப்புமுறையை, இக்கதைகள் பிறந்த இந்நாட்டில் மீட்டெடுப்பது நம் கடமை.