குதிரை ஓவியமும் யதார்த்தமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரித்தானியக் குதிரைப்படை அதிகாரிகள் தம் குதிரைகளைத் தைலவண்ணத்தில் தீட்டுவித்த வழக்கினை விலங்கன்பின் வெளிப்பாடாகக் கொள்வாருமுளர். அக்கருத்து முற்றிலும் பிழையன்று, ஆயின் போதியதுமன்று.

இம்மரபுக்கு உறுதியான தொழினுட்ப அடித்தளமிட்டவருள் முதன்மையானவர் ஜோர்ஜ் ஸ்டப்ஸ். லிங்கன்சயரில் குதிரையுடல்களை அறுத்து ஆராய்ந்து, 1766இல் அவர் வெளியிட்ட உடற்கூற்று நூல், எலும்பும் தசையும் பிழையாது தீட்டும் திறனுக்கு அளவுகோலாயிற்று. அத்திறனை நாம் குறைத்து மதிப்பிடுதல் தகாது. வினா, அது யாருக்குப் பயன்பட்டது என்பதே.

கிரைமியப் போரில், 1854 ஒக்டோபர் 25ஆந் திகதி, பலக்கிளாவாவில் ஏறத்தாழ 670 குதிரைவீரர் ருஷ்யப் பீரங்கிகளை எதிர்த்துச் செலுத்தப்பட்டனர். தலைமை தாங்கிய கார்டிகன் பிரபு ஏறியிருந்த குதிரை ரொனால்ட். டி பிராட்ஸ் முதலியோர் தீட்டிய ஓவியங்கள் வாயிலாக அக்குதிரை புகழ்பெற்றது. எசமானனுக்குப் பின்னும் வாழ்ந்து 1872இல் அது இறந்தபோது, அதன் தலை பதப்படுத்தப்பட்டுக் குடும்ப மாளிகையில் வைக்கப்பட்டது.

அன்று மடிந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட குதிரைகளுக்கு இத்தகைய நினைவு வாய்க்கவில்லை. எஞ்சியவற்றுட் பல, அடுத்துவந்த குளிர்காலத்திற் பட்டினியால் மாண்டன. துறைமுகத்தில் தீவனம் இருந்தும், சில மைல் தொலைவிலுள்ள பாசறைக்கு அது சென்று சேரவில்லை; பசியால் குதிரைகள் ஒன்றன் வாலை ஒன்று கடித்துத் தின்றன. கார்டிகனோ துறைமுகத்தில் தமது சொந்த உல்லாசப் படகில் தங்கியிருந்தார். மக்னீல், டலக் ஆகியோரின் விசாரணை அறிக்கை இப்புறக்கணிப்பை வெளிப்படுத்தியது. 1856இல் கூடிய இராணுவ அதிகாரிகள் சபையோ அதிகாரிகளைக் குற்றமற்றோராக்கியது. குதிரைப்படையிற் பதவியைப் பணங்கொடுத்து வாங்கும் முறை 1871 வரை நிலவியமையையும் இங்கு நினைவுகூர்தல் வேண்டும்.

இப்பின்னணியில் நோக்குமிடத்து, அதிகாரியின் குதிரையோவியம் உடைமையின் ஆவணமாகவும் அமைவது புலனாகும். பதவியை வாங்கிய வர்க்கமே ஓவியத்தையும் வாங்கியது. ரோமத்தின் மினுமினுப்பைத் தவறாது காட்டும் தூரிகை, தீவனம் சேராத பாதையைக் காட்டுவதில்லை. இயற்பண்பு உண்டு, யதார்த்தம் இல்லை.

விதிவிலக்குகளும் உள. 1876இல் எலிசபெத் பட்லர் தீட்டிய ‘பலக்கிளாவா’, தலைவனை விடுத்து, களைத்து மீண்ட சாதாரண வீரரை நடுவில் நிறுத்துகின்றது. கருப்பொருள் அதே போர்தான், பார்வை மாறியுள்ளது. ஆயினும் பட்டினியால் மாண்ட குதிரைகள் அதிலும் இடம்பெறவில்லை. ஒரு கலைமரபை மதிப்பிடுகையில், அது தீட்டியவற்றோடு தீட்டாது விட்டவற்றையும் கணக்கிலெடுப்பது திறனாய்வாளனின் கடமையாகும்.